நின்ற கால்களின் நமைச்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பத்தொன்பது வருடமாகச் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா அவர். வயது 48. மூன்று வருடமாக இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே அரிப்பு. என்னிடம் வருவதற்கு முன்பே நான்கு இடங்களில் காட்டியிருந்தார். துணிக்கடைப் பையிலிருந்து லேப் ரிப்போர்ட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பினார். "எல்லாம் நார்மல்னுதான் போட்டிருக்கு டாக்டரம்மா. ஆனா ராத்திரியானா காலு உயிரை எடுக்குது" என்றார்.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். அவருடைய அரிப்புக்குப் பெரிய காரணம் என்று ஒன்று கடைசிவரை கிடைக்கவில்லை. நாலைந்து சின்னக் காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. அவற்றில் எதுவும் ரத்தப் பரிசோதனையில் தெரிகிற காரணம் இல்லை. இதை எனக்குப் புரியவைக்க அந்த அம்மா மூன்று முறை வர வேண்டியிருந்தது.

முதல் தடவை

புரட்டாசி மாதம். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். காலைப் பார்த்தேன். தோல் வறண்டு, சொறிந்த கோடுகளோடு இருந்தது. விரல் இடுக்குகளில் சிரங்கு இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. இரவுக்கு ஒரு செட்டிரிசின் மாத்திரை, தடவுவதற்குக் காலமைன் லோஷன். எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்று செய்த இரண்டுமே தவறு. செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பவை. திடீரென்று உடம்பில் தடிப்பு எழும்பும்போது, பூச்சி கடிக்கும்போது வரும் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு உண்டு, அங்கே அவை நன்றாகக் கேட்கும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் அரிப்பை நாங்கள் நாள்பட்ட அரிப்பு என்கிறோம். அதில் பெரும்பாலும் வேறு ரசாயனங்களும் வேறு நரம்பு வழிகளும் வேலை செய்கின்றன, ஹிஸ்டமினைத் தடுத்துப் பெரிய பலன் இருக்காது. காலமைன் விஷயம் இன்னும் மோசம். தடவியதும் குளுகுளுவென்று இருக்கும், காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடிக்கும். ஏற்கெனவே காய்ந்து கிடந்த காலை நான் மேலும் காயவைத்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். கோபமாகக்கூட வரவில்லை. "உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். எனக்கு உறைத்தது அந்தப் பணிவுதான். மூன்று வருடத்தில் நான்கு பேர் "ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பியிருந்தார்கள். ஒருவர் "டென்ஷனைக் குறைங்க" என்றிருக்கிறார். தனக்கு வந்திருப்பது நோயே இல்லையோ, தன் மனசுதான் கெட்டுப்போய்விட்டதோ என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

கண்ணாடிக் கதவு வழியாக

இரண்டாம் தடவை அவரைக் கடைசியாக வரச் சொன்னேன், நிதானமாகப் பேசலாம் என்று. கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. உட்கார இடமிருந்தும் அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பழக்கம். கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது காலில் பாரத்தைப் போட்டு, இடது பாதத்தைத் தூக்கி, இடது காலின் கொலுசால் வலது காலின் முன்னெலும்புப் பக்கம் மெதுவாக, சீராகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கை பையில், கண் சுவரில் இருந்த நாள்காட்டியில். அரை நிமிடம் நிறுத்துவார், திரும்பத் தேய்ப்பார்.

உள்ளே வந்ததும் கேட்டேன். "நானா? இல்லையே டாக்டரம்மா" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நாள் முழுக்கக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளருக்குச் சேலையை விரித்துக் காட்டும்போது கைகள் இரண்டும் வேலையில் இருக்கும். கவுன்ட்டருக்குக் கீழே கால் தன் வழியைப் பார்த்துக்கொண்டது.

சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டச் சொன்னேன். கொலுசு படும் அதே இடத்தில், வலது காலின் உள்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்து, கோடுகோடாக மரப்பட்டை போல இருந்தது. ஒரே இடத்தை மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடிக்கும். தடித்த தோல் இன்னும் கூடுதலாக அரிக்கும். அரிப்பு சொறிதலைக் கூப்பிடும், சொறிதல் அரிப்பைக் கூப்பிடும். முதலில் அரிப்பைத் தொடங்கிவைத்தது எதுவோ அது போய்விட்ட பிறகும் இந்தச் சுற்று தானாக ஓடும்.

அரிப்பு என்பது சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வு என்று ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் 1660-ல் எழுதி வைத்தார். இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் அந்த வரையறையையே சொல்கின்றன. சொறிதலை அவர் அரிப்பின் உள்ளேயே வைத்துவிட்டார் என்பது எனக்கு இந்த அம்மாவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சொறியும்போது தோலில் லேசான வலி உண்டாகிறது. அந்த வலி தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியை அமுக்குகிறது, அதனால்தான் சுகமாக இருக்கிறது. வலியை அடக்க மூளை செரடோனினைச் சுரக்கிறது. அதே செரடோனின் அரிப்பு நரம்புகளையும் முடுக்கிவிடுகிறது என்று எலிகளில் செய்த ஆய்வு ஒன்று 2014-ல் காட்டியது. சொறிந்து முடித்த ஐந்தாவது நிமிடம் முன்னைவிட அதிகமாக அரிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். "சொறியாதே" என்று வீட்டில் திட்டுவதால் இது நிற்காது. இந்த அம்மாவின் கணவர் சொறியும் சத்தம் தாங்காமல் மொட்டைமாடிக்குப் படுக்கப் போய்விட்டாராம்.

காலில் இருந்ததெல்லாம்

பிறகு இரண்டு கால்களையும் டார்ச் வெளிச்சத்தில் முறையாகப் பார்த்தேன்.

முன்னெலும்பின் மேல் தோல் கோடையில் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி வெடித்திருந்தது. உடம்பிலேயே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாக இருக்கும் இடங்களில் ஒன்று கால்முன்பக்கம், அதனால் வறட்சி முதலில் அங்கேதான் தெரியும். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் துருப்பிடித்தது போலப் பழுப்பு நிறம். கட்டைவிரலால் எலும்பின் மேல் சில வினாடிகள் அழுத்தி எடுத்தேன், குழி அப்படியே நின்றது. கெண்டைக்கால் சதையில் நீல ரத்தக்குழாய்கள் சுருண்டு கிடந்தன. அங்கங்கே தோல் மெலிந்து பளபளத்தது.

பளபளப்பைப் பார்த்ததும் கேட்டேன், "எந்த ட்யூப் போடுறீங்க?" பையிலிருந்து பாதி சுருட்டிய ட்யூப் வந்தது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கியது, இரண்டு வருடமாகப் போடுகிறார். தோலை மெலியவைக்கும் குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டு, நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கு மைக்கோனசோல், மூன்றும் ஒன்றாகக் கலந்தது. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலின் கீழ் மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்தது. இருந்தும் இந்த மூன்று மருந்து ட்யூப் இல்லாத வீடு குறைவு. படைக்கும் இதுதான், சிரங்குக்கும் இதுதான், குழந்தையின் அக்குளுக்கும் இதுதான்.

வேறென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். குப்பைமேனிச் சாறு, மஞ்சளோடு. குளிக்கும் வாளியில் கிருமிநாசினி. அரிப்பு தாங்காத இரவுகளில் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். "அந்த நேரம் சொர்க்கமா இருக்கும் டாக்டரம்மா" என்றார். உண்மைதான். அந்தச் சூடு மிச்சமிருக்கும் கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இதற்கெல்லாம் மேல், இரண்டு வருடமாக அவர் கத்திரிக்காய், கருவாடு, முட்டை, நண்டு எதையும் தொடவில்லை. யாரோ "ஒத்துக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். விட்டதால் ஒன்றும் குறையவில்லை, ஆனாலும் பயத்தில் திரும்பச் சாப்பிடவில்லை.

மருந்துப் பட்டியலில் இன்னொன்று இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், 5 மில்லிகிராமில் தொடங்கி இரண்டு வருடத்துக்கு முன் 10 ஆக உயர்த்தியிருந்தார்கள். நல்ல மருந்து, விலை குறைவு, லட்சக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். அளவு கூடும்போது சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பெண்களுக்கு அது கொஞ்சம் அதிகம். கால் வீக்கம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டபோது யோசித்துவிட்டு, "போன வருசம் தீபாவளிக்கு முந்தின தீபாவளி" என்றார். மருந்து உயர்ந்த சமயத்தோடு அது ஒத்துப்போனது.

ஒதுக்க வேண்டியவை

அரிப்பு சில நேரம் உடம்புக்குள் இருக்கும் நோயின் முதல் குரலாக இருக்கும். சிறுநீரகம் மெல்லப் பழுதாகும்போது, பித்தநீர் தேங்கும்போது, தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போது, இரும்புச்சத்து வற்றும்போது, நிணநீர்ப் புற்றுநோயில், எல்லாவற்றிலும் அரிப்பு வரலாம். குளித்தபின் அதிகமாகிறது என்று இவர் சொன்னதும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. சிவப்பணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ஒரு ரத்த நோயில், தண்ணீர் பட்டதும் அரிப்பது பேர்போன அறிகுறி. சில சமயம் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல வருடம் முன்பே அது வந்துவிடும்.

ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளை வரி வரியாகப் படித்தேன். விட்டுப்போனதை மட்டும் எடுக்கச் சொன்னேன். சிவப்பணு பெருகினால் ஏறும் ஹீமோகுளோபின் 11.8-தான், ஆக அந்த ரத்த நோய் இல்லை. இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 41. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.8. கல்லீரல் பரிசோதனை, தைராய்டு, சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே எதிலும் குறை இல்லை. எடை குறையவில்லை, இரவில் வியர்வையில்லை, கழுத்திலோ அக்குளிலோ கட்டியில்லை, கண் மஞ்சளில்லை. தோலைச் சுரண்டி எடுத்துப் பூஞ்சைக்குப் பார்த்ததிலும் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் வழக்கமாக "எல்லாம் நார்மல்" என்ற வாக்கியம் வருகிறது. மருத்துவருக்கு அது நிம்மதி. கேட்பவருக்குக் கதவைச் சாத்துகிற சத்தம். அன்று நான் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்: "பயப்படுற மாதிரி எதுவும் இல்லம்மா. ஆனா உங்களுக்கு அரிக்குது, அது நிஜம். இனிமே காலைத்தான் கவனிக்கணும், ரத்தத்தை இல்ல." அவர் அழுதுவிட்டார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

சேலைக் கணக்கு

அரிப்பை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லுங்கள் என்று கேட்பது மருத்துவ வழக்கம். அவருக்கு அது பிடிபடவில்லை. "ஏழுக்கும் எட்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றார். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். லேசாக இருந்தால் ப்ளவுஸ் பிட். தாங்கக்கூடியதாக இருந்தால் தாவணி. தூக்கத்தைக் கெடுத்தால் முழுச்சேலை. அந்தக் கணக்கிலேயே ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதச் சொன்னேன். கூடவே அன்று எத்தனை மணி நேரம் நின்றார், எப்படிக் குளித்தார், என்ன தடவினார் என்பதும்.

நான்கு வாரம் கழித்து அந்த நோட்டு வந்தது. எந்த லேப் ரிப்போர்ட்டும் சொல்லாததை அது சொன்னது. முழுச்சேலை எல்லாம் இரவு ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள், கடையிலிருந்து வந்து வெந்நீரில் குளித்த பிறகு. வார விடுமுறை நாளில் ப்ளவுஸ் பிட்டைத் தாண்டவில்லை. பண்டிகைக் கூட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற நாட்களில் தொடர்ந்து முழுச்சேலை. அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய் இரண்டு நாள் பாயில் படுத்துக் கிடந்தபோது "ஒண்ணுமே இல்லை" என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

இரவில் அரிப்பு கூடுவது எல்லோருக்கும் பொது. தோல் சூடாகிறது, அதிலிருந்து ஈரம் அதிகமாக வெளியேறுகிறது, வீக்கத்தை அடக்கும் உடம்பின் சொந்த ஸ்டீராய்டு அந்த நேரம் குறைவாக இருக்கிறது. கவனத்தை இழுக்க வேறு வேலையும் இல்லை. ஆனால் நிற்கிற நேரத்தோடு ஏறி இறங்கும் அரிப்பு சிரை ரத்தத்தின் விஷயம். காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அதைப் பிழிந்து மேலே தள்ளும், சிரைக்குள் இருக்கும் வால்வுகள் கீழே திரும்ப விடாமல் தடுக்கும். நடந்தால் தசை வேலை செய்யும். நின்ற இடத்தில் நின்றால் செய்யாது. வருடக்கணக்கில் நின்றால் வால்வுகள் தளர்ந்து ரத்தம் கணுக்காலில் தேங்கும், சிவப்பணுக்கள் கசிந்து அவற்றின் இரும்பு தோலில் படியும். அந்தத் துரு நிறம் அதுதான். தேங்கிய இடத்துத் தோல் எரிச்சலடைந்து அரிக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இரண்டு காலிலும் தோலுக்கு அடியில் ஓடும் பெரிய சிரையில் ரத்தம் பின்னோக்கிப் பாய்வது தெரிந்தது.

ட்யூபின் பொறி

தோல் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி ஒட்டுச் சோதனை செய்யச் சொன்னேன். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைச் சிறு வில்லைகளாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி நான்காம் நாள் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் முதுகு சுத்தமாக இருந்தது. நான்காம் நாள் நியோமைசின் இருந்த இடம் சிவந்து பொரிந்திருந்தது. நியோமைசின் ஒவ்வாமை இப்படித் தாமதமாகக் காட்டும், அதனால் ஒரே முறை பார்த்துவிட்டு விட்டால் தவறிப்போகும்.

அப்போதுதான் அந்த ட்யூபின் முழு வேலையும் விளங்கியது. அதிலிருந்த நியோமைசின் அவர் காலில் ஒவ்வாமையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. அதே ட்யூபிலிருந்த ஸ்டீராய்டு அதை அமுக்கிக்கொண்டிருந்தது. போட்டால் அடங்கும், நிறுத்தினால் பொங்கும். பொங்கும்போது "இந்த மருந்து இல்லாம முடியாது" என்று தோன்றும், திரும்பப் போடுவார். இரண்டு வருடம் இப்படியே போனது. சிரை தேங்கிய கால்களில் தடவும் மருந்துகளுக்கே ஒவ்வாமை வருவது மற்றவர்களைவிட அதிகம். மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம்தான் இது, மருந்துச் சீட்டு எழுதும்போதுதான் மறந்துவிடுகிறது.

செய்தது

அம்லோடிபினை நிறுத்தி டெல்மிசார்ட்டானுக்கு மாற்றினேன், அழுத்தத்தை வாராவாரம் பார்த்துக்கொண்டே. இதைப் படிக்கும் யாரும் தங்கள் பிரஷர் மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பதைவிட அரிப்பு எவ்வளவோ மேல். மூன்று வாரத்தில் கட்டைவிரல் குழி பாதியாகக் குறைந்தது.

ட்யூபை நிறுத்திய முதல் பத்து நாள் கொடுமையாக இருந்தது. கால் முழுக்கச் சிவந்து எரிந்தது. இது வரும் என்று முன்கூட்டியே சொல்லி, வந்தால் கூப்பிடச் சொல்லி என் எண்ணைக் கொடுத்திருந்தேன். இரண்டு இரவுகள் கூப்பிட்டார். ஈரத்துணியைச் சுற்றி அதன் மேல் காய்ந்த பருத்தித் துணி சுற்றிப் படுக்கச் சொன்னேன். தடித்த இடத்துக்கு மட்டும் நியோமைசின் இல்லாத தனி ஸ்டீராய்டு களிம்பைத் தோல் மருத்துவர் கொடுத்தார், இரவில் ஒரு வேளை, இரண்டு வாரம், பிறகு வாரம் இரு நாள். ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கினால் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். அவருடைய தடிப்புக்கு அதில் பாதி.

மீதிக் கால் முழுவதற்கும் பசைதான் மருந்து. ஈரப்பசை லோஷனைப் பொட்டு வைக்கிற மாதிரி வைத்துவிட்டு "கேக்கல" என்பவர்கள் ஏராளம். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலுக்கும் ஒரு தடவைக்கு ஐந்து கிராமாவது வேண்டும். இரண்டு வேளை என்றால் வாரத்துக்கு 70 கிராம். விலையுள்ள லோஷனை ஜவுளிக்கடைச் சம்பளத்தில் இந்தக் கணக்குக்கு வாங்க முடியாது. வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, அல்லது வீட்டுத் தேங்காய் எண்ணெய் போதும் என்றேன். வறண்ட சருமம் உள்ளவர்களிடம் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டு பிலிப்பைன்ஸில் செய்த சிறிய ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. இரண்டுமே வறட்சியைக் குறைத்தன. குளித்துத் துண்டால் ஒற்றிய உடனே, கால் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் காய்ந்த கண்மாயில் எண்ணெய் ஊற்றிய கதைதான். வேப்பிலைக் கொதிநீர், கிருமிநாசினி இரண்டையும் விடச் சொன்னேன். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து நிமிடம், காலுக்கு சோப்பு வேண்டாம்.

கத்திரிக்காயையும் கருவாட்டையும் ஒவ்வொன்றாக, வாரத்துக்கு ஒன்று வீதம் திரும்பச் சாப்பிட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். எதுவும் ஆகவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்த நாளின் பக்கத்தில் அரிப்புக் கணக்கே எழுதவில்லை, "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் இருந்தது.

கொலுசைக் கழற்றுவது எளிதாக இல்லை. கல்யாணத்துக்கு அவர் அம்மா போட்டது. கடை நேரத்தில் மட்டும் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கால் தேய்க்கத் தூக்கும்போது சத்தம் இல்லாததே அவருக்கு ஞாபகமூட்டியது. அப்படி ஞாபகம் வரும்போது என்ன செய்வது என்பதையும் பழகினோம். முப்பது எண்ணும்வரை இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்க வேண்டும். அரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்க அந்த நேரம் பெரும்பாலும் போதும், கெண்டைக்கால் தசைக்கும் வேலை கிடைக்கும். இரவில் நகத்துக்குப் பதில் உள்ளங்கையால் அழுத்துவது, ஃப்ரிட்ஜில் வைத்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் போடுவது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது.

அழுத்தக் காலுறை பற்றியும் சொல்ல வேண்டும். 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும் முழங்கால்வரை உறை. போடுவதற்கு முன் பாதத்தில் நாடித் துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு, முக்கியமாக நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, இந்த உறை காலையே கெடுத்துவிடும். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்ட வேண்டும். மதுரை வெயிலில் அதை நாள் முழுக்கப் போட்டிருப்பது லேசு இல்லை, சித்திரையில் அவர் பாதி நாட்கள் போடவில்லை. நான் வற்புறுத்தவில்லை. மாலை நாலு மணிக்குக் கழற்றிவிட்டு, வீட்டுக்குப் போனதும் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னேன்.

நாற்காலி

இவ்வளவும் செய்தாலும் பன்னிரண்டு மணி நேர நிற்பு அப்படியே இருந்தால் என்ன பயன்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்காதபடி, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் பெண்கள் போராடி 2018-லேயே இதைப் பெற்றார்கள். சட்டம் வந்து இத்தனை காலமாகியும் இந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் தளத்தில் ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது, அதுவும் மேல் அடுக்கிலிருந்து சேலை எடுக்க ஏறுவதற்கு.

கடிதம் எழுதித் தந்தேன். நோயின் பெயர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் உட்கார வேண்டும் என்பது, கீழே சட்டப் பிரிவின் எண். கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. வேலை போய்விடும் என்ற பயம். காலைப் பார்த்து "ஒட்டுமா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதிலிருந்து மேலாளர் கண்ணில் படாமலேயே ஒதுங்கி வேலை பார்த்தவர். கடைசியில் கொடுத்தார். அந்தத் தளத்துக்கு மூன்று ஸ்டூல் வந்தது, வேலை பார்ப்பது பதினொரு பேர். முறை வைத்து உட்காருகிறார்கள். மருந்துச் சீட்டில் நான் எழுதியவற்றிலேயே அதிகப் பலன் தந்தது எது என்று என்னைக் கேட்டால், அந்த மூன்று ஸ்டூலைத்தான் சொல்வேன்.

பதினான்காம் மாதம்

இப்போது நோட்டில் வாரத்துக்கு இரண்டு தாவணி, மற்ற நாட்களில் ப்ளவுஸ் பிட் அல்லது வெறும் கோடு. மரப்பட்டை போலிருந்த தடிப்பு மெலிந்துவிட்டது, கறுப்பு இன்னும் இருக்கிறது. துரு நிறம் போகாது, அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

போகாத அரிப்பும் இருக்கிறது. வலது காலில், தடித்த இடத்துக்குச் சற்று மேலே, தோலில் ஒன்றுமே தெரியாத இடத்தில், சில இரவுகளில் உள்ளே எறும்பு ஊர்வது போல இருக்கும். மேலே சொறிந்தால் எட்டாது என்கிறார். வருடக்கணக்கில் அரித்த இடத்து நரம்புகள் கூர்மையாகிவிட்டிருக்கலாம் என்று நினைத்து, நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின் மாத்திரையை இரவில் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்தோம். மறுநாள் காலை கிறுகிறுப்பு, பஸ்ஸில் ஏற பயமாக இருக்கிறது என்றார், நிறுத்திவிட்டோம். அந்த இரவுகளுக்கு ஈரத்துணியும் உள்ளங்கையும்தான். "அது வந்தா வரட்டும்னு விட்டுர்றேன் டாக்டரம்மா, முப்பது எண்ணுறேன், போயிருது. போகலைன்னா இன்னொரு முப்பது" என்றார்.

சிரைக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். மகள் கல்யாணம் தை மாதம், அது முடியட்டும் என்கிறார். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்துக்குத் தனியாக ஒரு திட்டம் எழுதிக்கொண்டோம். உறை தினமும், பசை இரண்டு வேளை, தடித்த இடத்தில் களிம்பு வாரம் இரண்டு என்பதை மூன்றாக்கிக்கொள்ளலாம், ஸ்டூலில் அவர் முறையை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடைசி வரியை அவரே படித்துவிட்டு, புதுசாக வந்த பிள்ளைக்கு ஆறு மாசம், அவளுக்கு மட்டும் கொடுப்பேன் என்றார். சரி என்று அதையும் எழுதினேன்.